நெய்மார் உருண்டதும், நெய்மாரின் முதுகெலும்பு முறிந்ததும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. தெருப் பையன்களோடு கால்பந்து ஆடுகிறான். லேசாக இடித்தாலே நாலு உருளல் உருண்டு காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். கேட்டால் நெய்மார் இப்படித்தான் செய்வார் என்கிறான். இந்தப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாருமே நடிகர்கள்தானா?
– வாசகி, வியாசர்பாடி

பிரேசில் வீரர் நெய்மார் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், அவரையே எடுத்துக்கொள்வோம் அம்மா. உங்கள் மகன் பார்த்திருப்பது 2018 ரஷ்ய உலகக் கோப்பை வீடியோக்களாகத்தான் இருக்கும். மெக்சிகோவுடனான ஆட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே கிடந்தவரின் கணுக்காலை லயூன் மிதித்தார், நெய்மார் துடித்துப் புரண்டார், உலகமே சிரித்தது. யாராவது "நெய்மார்" என்று கத்தினால் மொத்தப் பையன்களும் தரையில் விழுந்து உருளும் விளையாட்டே அப்போது பல நாடுகளில் பரவியது. கோஸ்டா ரிகாவுக்கு எதிராக அவர் பின்னால் சாய்ந்து விழுந்து வாங்கிய பெனால்டியை நடுவர் வீடியோ பார்த்துவிட்டுத் திரும்பப் பெற்றார். அது நடிப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்து வீரர்கள் அவர் ஒருவர் மேல் மட்டும் 10 ஃபவுல் செய்தார்கள். 1998க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் யாரும் அவ்வளவு அடி வாங்கியதில்லை. அந்த பிப்ரவரியில்தான் பாதத்து எலும்பு முறிந்து, மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார்.

அதற்கு நாலு வருடம் முன்னால், 2014 ஜூலை 4, ஃபோர்டலேசாவில் கொலம்பியாவோடு காலிறுதி. இரண்டு அணியும் சேர்ந்து 54 ஃபவுல் செய்த ஆட்டம் அது, நடுவர் ஆரம்பத்திலேயே அட்டையை எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஸூனிகா பின்னாலிருந்து பாய்ந்து வந்தார், அவர் முழங்கால் நெய்மாரின் முதுகில் இறங்கியது, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு முறிந்தது. ஸூனிகாவுக்கு மஞ்சள் அட்டைகூடக் காட்டப்படவில்லை. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டிருந்தால் சக்கர நாற்காலிதான் என்று பிறகு நெய்மாரே அழுதுகொண்டு சொன்னார். அவர் இல்லாமல் ஆடிய அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 7–1 என்று தோற்றது.

உருண்டவரும் முறிந்தவரும் ஒரே ஆள். அதனால் 'எல்லாரும் நடிகர்கள்' என்று மகனிடம் சொல்லாதீர்கள், அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்கு அவன் கூட ஆடும் பையன் நிஜமாகவே கால் முறிந்து கிடந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்பான். வலித்தால் அப்படியே உட்கார்ந்து கையைத் தூக்கு, வலிக்கவில்லை என்றால் எழுந்து ஓடு, நீ கையைத் தூக்கினால் எல்லாரும் நம்பி ஓடி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். 12 வயதுக்கு இது புரியும்.

கேள்வி: தொடவே இல்லை, ஆனாலும் ஃபவுல் கொடுக்கிறார்கள். நன்றாக இடிக்கிறார்கள், நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறார். விதிதான் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் பாதிப் பேரின் சண்டை இதுதான். விதிப் புத்தகத்தின் 12ஆவது விதி, எதிராளியை உதைப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை, உதைக்க முயல்வதையும் சொல்கிறது. காலை இடறிவிட முயல்வதும் அப்படியே. ஆகவே, கால் பாய்ந்து வருவதைப் பார்த்து ஒருவர் துள்ளி விலகித் தடுமாறி விழுந்தால், உடம்பில் எதுவும் படாவிட்டாலும் அது ஃபவுலாக இருக்கலாம். அதே நேரம் தோளோடு தோள் நியாயமாக மோதி ஒருவர் விழுந்தால் அது ஃபவுல் இல்லை. 'பட்டதா, படவில்லையா' என்று ஸ்லோ மோஷனில் தேடுவதே பல சமயம் தப்பான கேள்வி.

எவ்வளவு மோசம் என்பதற்கு மூன்று படி உண்டு. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக்கோடு முடிந்தது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் முரட்டுத்தனமாகப் போனால் மஞ்சள். அளவு மீறிய பலத்தோடு அவருடைய உடம்புக்கே ஆபத்து வரும்படி போனால் சிவப்பு. அடிபட்ட மாதிரி நடித்து நடுவரை ஏமாற்றப் பார்த்தால் அதுவும் மஞ்சள்தான், 1999இலிருந்து இது விதியில் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் நடுவர்கள் அதற்காக அட்டையை எடுப்பது அபூர்வம். தப்பாக எடுத்துவிட்டால், நிஜமாக அடிபட்டவனைப் பொய்யன் என்று எல்லார் முன்னிலும் சொன்ன மாதிரி ஆகிவிடும், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு தண்டிப்பதுதான் இதற்கு நல்ல வழி என்பது என் கருத்து. இங்கிலாந்தில் 2017–18 சீசனிலிருந்து அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. மூன்று பேர் குழு வீடியோ பார்க்கும், மூவரும் ஏமாற்று என்று ஒப்புக்கொண்டால் இரண்டு ஆட்டத் தடை. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்டனின் உமர் நியாஸ், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக வாங்கிய பெனால்டிக்காக.

கேள்வி: இதுவரை நடந்ததிலேயே கேவலமான நடிப்பு எது?
– வாசகர், திருச்சி

நிறையப் பேர் 2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரிவால்டோ செய்ததைச் சொல்வார்கள். துருக்கி வீரர் உதைத்த பந்து காலில் பட்டது, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார், அந்த வீரர் வெளியே அனுப்பப்பட்டார், ரிவால்டோவுக்கு அபராதம் மட்டும்தான்.

ஆனால் 1989 செப்டம்பர் 3க்குப் பக்கத்தில் எதுவும் வராது. ரியோவின் மரக்கானா மைதானம், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், சிலி பிரேசிலிடம் 1–0 என்று பின்தங்கியிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எறிந்த தீப்பந்தம் சிலி கோல்கீப்பர் ரொபெர்த்தோ ரோஹாஸ் அருகே விழுகிறது, புகைக்கு நடுவே அவர் தலையில் ரத்தத்தோடு கிடக்கிறார், சிலி வீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே போய்விடுகிறார்கள். பிரேசிலைத் தகுதி நீக்கம் செய்யவேண்டிய நிலை. பிறகு படங்களைப் பார்த்தால் தீப்பந்தம் அவர் மேல் படவே இல்லை. கையுறைக்குள் பிளேடு மறைத்து வைத்துத் தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாழ்நாள் தடை, சிலிக்கு 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலேயே இடமில்லை. 2001இல்தான் அவர் மீதான தடையை நீக்கினார்கள். ஒருவர் கீறிக்கொண்டதற்கு ஒரு தலைமுறை சிலி வீரர்கள் தண்டனை அனுபவித்தார்கள், எனக்கு அதுதான் ஆறவில்லை.

கேள்வி: நின்று கோல் அடிக்க முடியும் என்ற நிலையிலும் ஏன் விழுகிறார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

நின்றால் நடுவர் விசில் ஊத மாட்டார் தம்பி, அதுதான் காரணம். பெனால்டி பகுதிக்குள் சட்டையை இழுத்தாலும் கணுக்காலைத் தட்டினாலும் சமாளித்து ஓடிப் பந்தை அடித்துத் தவறவிட்டீர்கள் என்றால், யாரும் உங்களுக்குத் திரும்பக் கொடுக்கப்போவதில்லை. விழுந்தால் பெனால்டி கிடைக்கலாம், பெனால்டி அடித்தால் பெரும்பாலும் கோல்தான். நேர்மையாக நிற்பவனுக்கு நஷ்டம் என்று ஆட்டமே கற்றுக்கொடுக்கிறது. இழுத்தவனை, மற்றவன் விழாவிட்டாலும் பிடித்துத் தண்டித்தால் விழுவது தானாகக் குறையும்.

இதில் எட்வார்டோ த சில்வா கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேசிலில் பிறந்து குரோஷியாவுக்காக ஆடிய முன்கள வீரர். 2008 பிப்ரவரி 23, ஆர்சனலுக்காக பர்மிங்ஹாமில் ஆடுகிறார், ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம், மார்ட்டின் டெய்லர் போட்ட டேக்கிளில் இடது கால் எலும்பு முறிந்து கணுக்கால் மூட்டு விலகியது. அதைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டவே இல்லை, அவ்வளவு கோரம். டெய்லருக்கு உடனே சிவப்பு அட்டை. எட்வார்டோ அந்த வருட யூரோ கோப்பையை இழந்தார், ஒரு வருடம் கழித்து 2009 பிப்ரவரியில் திரும்பி வந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார்.

அதே 2009 ஆகஸ்டில் செல்டிக்குடன் ஆட்டம். கோல்கீப்பர் போருக் முன்னால் பாய, எட்வார்டோ விழுந்தார், பெனால்டி, அவரே அடித்து கோலும் போட்டார். மறுபடி போட்டுப் பார்த்தால் போருக் அவரைத் தொட்டதாகவே தெரியவில்லை. மோசடிக்காரர் என்று பத்திரிகைகள் கிழித்தன. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு இரண்டு ஆட்டத் தடை போட்டது, மேல்முறையீட்டில் அது ரத்தானது.

நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தபோது டைவ், அதாவது வேண்டுமென்றே விழுந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை கால் முறிந்தவன், வேகமாக ஒரு உடம்பு தன் காலை நோக்கிச் சறுக்கி வருவதைப் பார்த்தால் என்ன செய்வான்? மூளை முடிவெடுக்கும் முன்னே கால் துள்ளிவிடும். பெனால்டிக்காக விழுந்தாரா, பயத்தில் விழுந்தாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி: தலையில் அடிபட்டவர் எழுந்து ஆடினால் அதை வீரம் என்று பாராட்டுகிறார்கள். சரியா?
– மருத்துவ மாணவி, கோயம்புத்தூர்

சரியே இல்லை. 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அதே மரக்கானா. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கராய் தோளில் மோதி விழுந்தார், எழுந்தார், ஆட விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நடுவர் ரிஸோலியிடம் போய் "இது இறுதி ஆட்டமா?" என்று கேட்டிருக்கிறார். நடுவர் அதை ஜெர்மனி வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொல்ல, 31ஆவது நிமிடத்தில்தான் வெளியே எடுத்தார்கள். மூளை அதிர்ந்துபோன ஒரு மனிதன் கிட்டத்தட்ட 14 நிமிடம் உலகக் கோப்பை இறுதியில் ஓடிக்கொண்டிருந்தான், அவனுக்கு அன்றைய ஆட்டத்தின் முதல் பாதி நினைவிலேயே இல்லை. இரண்டாவது அடி அந்த நேரத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1982 உலகக் கோப்பையின் செவில் அரையிறுதியில் நடந்தது இன்னும் கொடுமை. மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து இடித்ததில் பிரான்சின் பத்திஸ்தோன் நினைவிழந்தார், பல் போயிற்று, முதுகெலும்பில் சேதம். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்காமல், கோல் கிக் என்று பந்தை ஜெர்மனிக்கே கொடுத்துக் கை காட்டினார். அன்று பெனால்டி ஷூட் அவுட்டில் இரண்டு பந்தைத் தடுத்து ஜெர்மனியை இறுதிக்குக் கொண்டுபோனவரும் ஷூமாக்கர்தான்.

தலைக்காயத்துக்கென்று தனியாக ஒரு மாற்று வீரரை இறக்கும் ஏற்பாட்டை 2021இல் சோதனையாகத் தொடங்கினார்கள், 2024இல் நிரந்தர விதியாக்கினார்கள். இதற்கு இவ்வளவு வருடமானது எனக்குக் கோபம் தருகிறது. தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பயங்களில் ஒன்று, அணிகள் பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொண்டு கூடுதல் மாற்று வீரரை இறக்கிவிடும் என்பது. ஏமாற்றுபவர்கள் எவ்வளவு தூரம் கெடுத்துவிட்டார்கள் பாருங்கள்.

கேள்வி: எதிரணி ஆள் கீழே கிடந்தால் பந்தை வெளியே அடித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், காரைக்கால்

கட்டாயம் இல்லை, அது வழக்கம் மட்டுமே. கடுமையான காயம் என்றால் ஆட்டத்தை நிறுத்துவது நடுவர் வேலை. ஆனாலும் 2000 டிசம்பரில் எவர்டன் கோல்கீப்பர் ஜெரார்ட் கீழே கிடக்க, வெஸ்ட் ஹாமின் டி கானியோ ஆளில்லாத கோலைப் பார்த்துக்கொண்டே பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார் அல்லவா, அந்தக் காட்சி எனக்கு எத்தனையோ கோல்களை விடப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் போன மாதம் ஒரு பையன் யாரும் தொடாமலே விழுந்தான். நடிக்கிறான் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டோம். வெயில் மயக்கம்தான், பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்கு உறுத்துகிறது. என்ன செய்திருக்க வேண்டும்?
– உள்ளூர்ப் பயிற்சியாளர், கன்னியாகுமரி மாவட்டம்

எழுதியதற்கு நன்றி ஐயா. யாரும் தொடாமல் விழுந்தவனைத்தான் முதலில் நம்ப வேண்டும். 2003 ஜூன் 26, பிரான்சின் லியோனில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்தின் நடுவட்டத்தில் தனியாக விழுந்தார், பக்கத்தில் யாருமே இல்லை, இதயம் நின்றுபோய் இறந்தார், வயது 28. 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் எரிக்சன் த்ரோ வாங்கப் போனபோது அதே மாதிரி சரிந்தார். சக வீரர்களும் நடுவரும் ஒரு நொடி சந்தேகப்படாமல் கையசைத்துக் கூப்பிட்டார்கள், மருத்துவர்கள் மார்பை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சிக் கருவியால் இதயத்தைத் திரும்ப ஓட வைத்தார்கள். அவர் அடுத்த வருடமே மறுபடி ஆட வந்துவிட்டார்.

இடி இல்லாமல் ஒருவன் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக இழுத்துக்கொண்டாலும் வலிப்பு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம், இதயம் நின்றாலும் அப்படி இழுக்கும். ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும், இன்னொருவர் மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தட்டும், களைத்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். இதை உங்கள் பையன்கள் எல்லாருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கிவிடலாம், பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், சொல்லிக்கொடுக்க யாராவது வருவார்கள்.