எதை எப்போது அழிக்கலாம் என்று தெரிந்தவருக்கு வேலை உண்டு

அன்புள்ள ஐயா,

வரலாற்றில் முதுகலை முடித்த மகள் ஆவண மேலாண்மை படிக்கப் போகிறேன் என்கிறாள், "பழைய காகிதக் கட்டுக்குக் காவல் இருக்கவா இத்தனை வருடம் படிக்க வைத்தேன்?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். காவல் இருப்பது அந்த வேலையில் பாதிதான். எந்தக் கோப்பை, எந்த ஆண்டில், யாருடைய ஒப்புதலோடு அழிப்பது என்று தீர்மானிப்பது மறுபாதி. படிப்பு தேவைப்படுவது அதற்குத்தான்.

நம் அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அதற்கு ஒரு முடிவு இடுவார்கள்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. அரசுக் கடிதங்களின் தலைப்பில் ‘ஓ.மு.’, ‘மூ.மு.’ என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கோப்பின் ஆயுள் அந்த இரண்டெழுத்தில் இருக்கிறது. அந்த ஆயுள் முடிந்தும் கோப்பைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். ஆசிரியையாக இருந்த என் அம்மா ஓய்வு பெற்றபோது அவருடைய பணிப்பதிவேடு கிடைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் தொலைக்கவில்லை. எதையும் அழிக்கவும் இல்லை. எப்போதோ கழித்திருக்க வேண்டிய பண்டிகை முன்பணக் கட்டுகளுக்கு நடுவே ஏழு மாதம் கழித்து அது அகப்பட்டது. அதுவரை ஓய்வூதியம் வரவில்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பதே பத்திரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கண்மூடித்தனமாக அழித்தாலும் ஆபத்துதான். மத்திய அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும் 1993ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டப்படி, விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 1892க்கு முன் உருவான ஆவணம் என்றால், எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்துபோயிருந்தாலொழிய அதைத் தொடவே கூடாது. 25 ஆண்டு கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துடன் கலந்து மதிப்பிட வேண்டும். ஒரு தாளை எடுத்து, இதற்கு வரலாற்று மதிப்பு உண்டா என்று பார்க்கும் வேலை அது. வரலாறு படித்த உங்கள் மகளுக்கு அங்கே பொறியியல் படித்தவரைவிட ஒரு படி முன்னிலை இருக்கிறது.

தனியார் நிறுவனங்களில் இதே வேலை வேறு விதமாக வரும். ஒரே கொள்முதல் பில்லை எடுத்துக்கொள்வோம். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கு ஆதாரமான பில், வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. இரண்டில் எது பின்னால் முடிகிறதோ அதுவரை பில் இருக்க வேண்டும். அதன்மீது மேல்முறையீடோ வழக்கோ நடந்தால், காலக்கெடு முடிந்திருந்தாலும் கைவைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, தேவை முடிந்த தனிநபர் விவரங்களை நீக்கச் சொல்கிறது. வைத்திரு என்பது ஒரு சட்டம், நீக்கு என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, ஆவண வகை வாரியாகக் கால அட்டவணை போடத் தெரிந்தவர்கள் குறைவு.

படிப்புக்கு வருகிறேன். புதுடெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளி ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிகளையும் நடத்துகிறது. தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். டெல்லிக்கு அனுப்பத் தயக்கம் என்றால் ஓராண்டு நூலக அறிவியல் பட்டம் படிக்கட்டும்; கூடவே குரூப் 4 தேர்வும் எழுதட்டும். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தன்னிடம் வரும் தபால்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் குறித்துவைக்கும் தன்பதிவேட்டை எழுதிப் பழகியவருக்கு இந்தத் தொழிலின் அடிப்படை கைவந்துவிடும். எழும்பூரில் 1909 முதல் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் ஒருமுறை அவள் பார்த்துவர வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் குறைவு. தூசி ஒவ்வாதவர்களுக்குப் பதிவறை சிரமம். தனியார் விளம்பரங்களில் ‘ஆவண மேலாளர்’ என்ற பெயர் அபூர்வமாகத்தான் வரும். சட்டம், தணிக்கை, நிர்வாகம் என்ற தலைப்புகளுக்குள் தேட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு உங்களுக்குப் பொறுமை வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்கள் அத்தனையையும் மகளிடம் கொடுங்கள். மூலப்பத்திரம், வரி ரசீது, பழைய மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, காலாவதியான காப்பீட்டுத் தாள் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், ஏன் என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அவள் உடனே எழுதத் தொடங்காமல், "அப்பா, இந்த மனை மீது வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?" என்று கேட்டால், விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.