ரத்த குரூப் அல்ல, வளைவுதான் பொருந்த வேண்டும்

பொங்கல் முடிந்தால் முழங்கால் கேள்விகள் கூடிவிடும். இந்த முறை பலர் கேட்டிருப்பது கொடையாளர் குருத்தெலும்பை, அதாவது இறந்தவரிடமிருந்து எடுத்து வைப்பதைப் பற்றி.

மாடு பிடிக்கப் போய் முழங்கால் திருகிக்கொண்டது. ஊரில் 'ஜவ்வு போயிருச்சு' என்கிறார்கள், டாக்டர் குருத்தெலும்பு என்கிறார். இரண்டும் ஒன்றா? (பாலமேடு)

இல்லை தம்பி. நம் பக்கம் முழங்காலுக்குள் இருக்கும் எல்லாமே ஜவ்வுதான். ஆனால் எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் தசைநார் வேறு. நடுவில் பிறை வடிவத்தில் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் வேறு. எலும்பு முனையில் வழவழவென்று ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு வேறு. எது போனது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும்.

கபடி ஆடும் என் மகனுக்கு 24 வயது. தொடை எலும்பு முனையில் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. இறந்தவருடையதை வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் ரத்த குரூப்பைக் கேட்கவே இல்லை. காலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குண்டை வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சரியாகத்தான் செய்கிறார்களா? (மேலூர்)

சரியாகத்தான் செய்கிறார்கள் அம்மா. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் செல்கள் கெட்டியான கூட்டுக்குள் புதைந்திருப்பதால் உடம்பின் எதிர்ப்பு அவற்றை எளிதில் எட்டாது. அதனால் சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல இதற்குப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் இல்லை. பொருந்த வேண்டியது அளவும் வளைவும்.

குண்டு எதற்கு என்றால், விளக்குக்கு முன் கையை நீட்டினால் சுவரில் நிழல் பெரிதாக விழுகிறதே, எக்ஸ்ரேயும் அப்படித்தான். 25 மில்லிமீட்டர் குண்டு படத்தில் 28 ஆக விழுந்தால், 90 மில்லிமீட்டராகத் தெரியும் எலும்பின் உண்மையான அகலம் சுமார் 80தான். இந்தக் கணக்குத் தப்பினால், வேறு அளவுள்ள முழங்காலிலிருந்து துண்டு வந்து சேரும்.

முழங்காலில் குருத்தெலும்பின் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர், முழங்கால் சில்லுக்குப் பின்னால் இன்னும் கூடுதல். அந்தக் கனத்தில், வைத்த துண்டு 1 மில்லிமீட்டர் துருத்தினாலும் அது பெரிய மேடு. தரையில் ஒரே ஒரு கல் துருத்தி நின்றால் மிதிக்கிற பாரமெல்லாம் அதன்மேல்தானே விழும்? கொஞ்சம் பள்ளமாக இருந்தால்கூட மேட்டை விடப் பரவாயில்லை. அகலம் ஒத்துப்போனாலும் வளைவு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் எம்.ஆர்.ஐ. படத்தில் வளைவையும் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய ஸ்கேன் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குருத்தெலும்பு பெயர்ந்த பள்ளம் நாளாக ஆகப் பெரிதாகலாம். ஆபரேஷனில் ஓரத்தைச் சுத்தம் செய்யும்போது, ஸ்கேனில் கண்டதை விடப் பெரிதாக இருப்பதும் சகஜம்.

இன்னொன்று. எடுத்த துண்டை உறைய வைக்காமல் 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். கிருமிப் பரிசோதனைக்கே ஏறக்குறைய இரண்டு வாரம் போய்விடும். 28 நாளுக்குள் வைத்துவிடுவது நல்லது, அதற்கு மேல் செல்கள் குறைந்துகொண்டே போகும். அளவு பொருந்தியது என்று திடீரென்று அழைப்பு வரும். காப்பீட்டுப் பேச்சையெல்லாம் இப்போதே முடித்து வையுங்கள்.

மெனிஸ்கஸையும் இப்படி மாற்ற முடியுமா? (திருமங்கலம்)

முடியும். கிழிந்ததை அளக்க முடியாது என்பதால், அது உட்கார்ந்திருக்கும் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தை அளப்பார்கள். 1995இல் பொல்லார்டு என்ற ஆய்வாளரின் குழு சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தளத்தின் முன்பின் நீளத்தில் உள்பக்க மெனிஸ்கஸுக்கு 80 சதவீதம், வெளிப்பக்கத்துக்கு 70.

எனக்கு 63 வயது. மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது. செயற்கை மூட்டுக்குப் பதில் இதை வைக்கலாமா? (உசிலம்பட்டி)

வேண்டாம் ஐயா. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்து, நடுவில் மட்டும் பள்ளம் விழுந்தவர்களுக்கு உரியது இது. முழுத் தேய்மானத்தில் இது நிற்காது.

மகளுக்கு என் முழங்காலிலிருந்தே கொடுக்க முடியாதா? (வாடிப்பட்டி)

உங்கள் மனது புரிகிறது. ஆனால் உங்கள் முழங்காலைக் கெடுத்து இன்னொரு முழங்காலைச் சரிசெய்ய எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். இறந்த பிறகு கொடுக்கலாம். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் திசுக்களையும் சேர்த்தது. கண் தானம் என்றால் மதுரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எலும்பையும் குருத்தெலும்பையும் கொடுக்கலாம் என்பதை இன்றைக்கே வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.