எல்லாமே ‘பிரம்மாண்டம்’ ஆனால் எது பெரிது?

கேள்வி: உள்ளூர்ச் செய்திகள் எழுதுகிறேன். பொதுக்கூட்டம், வெள்ளம், கிரேன், கோபுரம் என எதற்கும் ‘பிரம்மாண்டமான’ என்ற சொல்தான் வந்து விழுகிறது. வேறு எந்தச் சொல்லை எங்கே போடலாம்? ‘பெரும் மழை’ என்று எழுதினால் பிழையா?

பதில்: முதலில் அந்தச் சொல்லையே பிரித்துப் பாருங்கள். பிரம்மா, அண்டம். அண்டம் என்றால் முட்டை. படைத்தவனின் முட்டையாகிய உலகம் முழுவதும் அதற்குள் அடக்கம். அவ்வளவு பெரிய சொல்லைக் கல்யாண மேடைக்கும் கடைத் திறப்புக்கும் செலவழித்துவிட்டோம். இன்று அது காசு போட்டு, பார்ப்பவர் வாய்பிளக்கக் கட்டிய ஒன்றையே நினைவூட்டுகிறது. சிலைக்கும் அரங்குக்கும் சரி. ‘பிரம்மாண்டமான விபத்து’ என்றால் விபத்தை மெச்சுவதுபோல் ஆகிவிடும். ‘பிரமாண்டம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

சொல்லைத் தேடும் முன் ‘எதில் பெரிது?’ என்று கேளுங்கள். உயரமா, பருமனா, வலுவா, கூட்டமா?

உயரத்துக்கு வானளாவிய, வானுயர்ந்த, நெடிதுயர்ந்த. முதல் சொல் கட்டடத்தோடு நிற்கவில்லை. 1980களில் பேரவைத் தலைவராக இருந்த பி.எச். பாண்டியனால் ‘வானளாவிய அதிகாரம்’ என்ற தொடர் தமிழ்நாட்டு அரசியலில் ஒட்டிக்கொண்டது.

பருமனும் வலுவும் வரும் இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ராட்சதனையும் அசுரனையும் நாம் ஒரே கூட்டமாக நினைக்கிறோம், ஆனால் மொழியில் இருவருக்கும் வேலை வேறு. ராட்சத என்பது உருவத்துக்கு: ராட்சத ராட்டினம், ராட்சத எந்திரம், ராட்சத அலை. அசுர என்பது வேகத்துக்கும் வலுவுக்கும்: அசுர வேகம், அசுர பலம், அசுர வளர்ச்சி. ‘அசுர கிரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. கோபுரத்துக்கு முன்னால் ராட்சதனைக் கொண்டுபோய் நிறுத்தினால் வாசகர் முகம் சுளிப்பார். பேய்க்கு மழையும் காற்றும்: பேய்மழை, பேய்க்காற்று. பூதாகரம், பூதத்தின் ஆகாரம் என்பதிலிருந்து வந்தது. கண்ணால் பார்க்கும் பொருளைவிடச் சிக்கலுக்கே இன்று நன்றாகப் பொருந்துகிறது. ‘விசுவரூபம் எடுத்தது’ என்று எழுத வேண்டுமானால் அந்த விவகாரம் முதலில் சிறிதாக இருந்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பெரிதாக இருந்த ஒன்று எங்கிருந்து விசுவரூபம் எடுக்கும்?

‘பெருத்த’ பெரும்பாலும் கெட்ட சேதியோடு வரும்: பெருத்த இழப்பு, பெருத்த ஏமாற்றம், பெருத்த அவமானம். ‘பெருத்த லாபம்’ உண்டு. அதிலும் கொஞ்சம் பொறாமை ஒட்டியிருக்கும்.

‘மாபெரும்’ சுவரொட்டிக்காரர்களின் சொத்து. நாற்பது பேர் வந்தாலும் மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம்தான். செய்தியில் அதற்குப் பதிலாக எத்தனை நாற்காலி போட்டிருந்தார்கள், எத்தனை வரிசை நிரம்பியது என்று எழுதுங்கள்.

இனி ‘பெரும் மழை’. பத்திரிகைகள் அப்படி எழுதுவதைப் பழக்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் சேர்த்து எழுதினால் சொல் கெட்டியாக நிற்கும். விதி எளிது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘பெரு’ நீண்டு ‘பேர்’ ஆகும்: பேரலை, பேரிடர், பேரழிவு. க, ச, த, ப வந்தால் அதன் இனமெல்லெழுத்து நடுவில் வரும்: பெருங்கடல், பெருஞ்சுவர், பெருந்தொற்று, பெரும்பாறை. ம, ந, வ வந்தால் எதுவும் தோன்றாது: பெருமழை, பெருநகரம், பெருவெள்ளம். ஆக, உங்கள் மழைக்குப் ‘பெருமழை’ போதும்.

இந்த விதி தெரியாததால் வரும் கோளாறு, இரட்டிப்பு. ‘மாபெரும் பேரணி’யில் பேரணிக்குள்ளேயே ‘பேர்’ உட்கார்ந்திருக்கிறது. ‘மிகப்பெரிய பேரழிவு’ம் அப்படியே, உண்மையிலேயே பல பேரழிவுகளை ஒப்பிடும்போது மட்டும் அதை அப்படியே விட்டுவைக்கலாம். (பெருநகர சென்னை மாநகராட்சியில் ‘பெரு’வும் ‘மா’வும் சேர்ந்தே இருக்கின்றன. அது பெயர், நாம் கைவைக்க முடியாது.) ‘மா’வை ஒட்டிப் புதுச்சொல் கட்டும்போதும் கவனம். விலங்கு, மாமரம், அரைத்த மாவு, நில அளவு எல்லாமே மா. பெரிய பழத்தை ‘மாப்பழம்’ என்று எழுதினால் மாம்பழத்தில் எழுத்துப்பிழை என்றே நினைப்பார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பரவலான ‘ஆழிப்பேரலை’யைக் கவனியுங்கள். ராட்சதனும் இல்லை, பேயும் இல்லை. ஆழி, பேர், அலை மூன்றையும் சேர்த்ததிலேயே அதன் கனம் வந்துவிட்டது. பழைய இலக்கணம் இன்னும் சில சொற்களைத் தருகிறது: ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பியம்; அதாவது தட, கய, நளி மூன்றுக்கும் பெரிது என்று பொருள். இவற்றில் ‘தட’ மட்டும் தடக்கை, தடந்தோள் என்று செய்யுளிலும் மேடையிலும் உயிரோடு இருக்கிறது. மற்ற இரண்டையும் செய்தியில் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டியிருக்கும்.

பல இடங்களில் பெயரடையே வேண்டாம். ‘பிரம்மாண்டமான வெள்ளம் ஊரைச் சூழ்ந்தது’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அடைமொழியை அடித்துவிட்டு ஓர் அளவுகோலை உள்ளே வையுங்கள்: ‘இரவு முழங்காலளவு இருந்த தண்ணீர், விடிவதற்குள் சன்னல் விளிம்பைத் தொட்டது.’ கிரேன் என்றால் எத்தனை டன் தூக்கும், அது எத்தனை லாரிச் சுமை என்று சொல்லுங்கள். தஞ்சையில் 1010-இல் நிறைவான கோயிலின் விமானம் 200 அடியைத் தாண்டி நிற்கிறது. ஊர் அதற்கு வைத்த பெயர் ‘பெரிய கோயில்’, அவ்வளவுதான்.

நேரில் பார்த்தவர் பேசும்போது அவர் சொல்லைத் தொடாதீர்கள். சென்னையில் ‘எம்மாம் பெருசு’ என்பார்கள், நெல்லைப் பக்கம் ‘எத்தத் தண்டி’, யாழ்ப்பாணத்தில் ‘பென்னம்பெரிய’. ஒரு மீனவர் கையை விரித்து ‘எத்தத் தண்டி அலை தெரியுமா’ என்று சொன்னால் அது அப்படியே மேற்கோளுக்குள் போகட்டும். ‘பிரம்மாண்டமான அலை வந்ததாக அவர் தெரிவித்தார்’ என்று மாற்றினால் அலையும் போய்விடும், அவர் விரித்த கையும் போய்விடும்.