பராக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாலு வருஷமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இப்போது சென்னையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஏழரைக்கு மாமியார் செபமாலை ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்கிற வேகத்தில் பாதி வார்த்தை தொண்டைக்குள்ளேயே போய்விடும். நானும் உட்கார்ந்திருப்பேன். வாய் சொல்லும், மனசு ஆபீஸில் இருக்கும். முடியும்போது எந்த மறைபொருளை, அதாவது இயேசு, மாதா வாழ்க்கையின் எந்த நிகழ்ச்சியைத் தியானித்தோம் என்றே தெரியாது. கூட வேலை பார்க்கும் தோழி வேறு சபை. மத்தேயு 6:7-ஐக் காட்டி, சொன்னதையே சொல்லாதீர்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்கிறாள். பத்து வயது மகனோ, "மாதாவுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும்ல, எதுக்கு ஐம்பத்து மூணு தடவை?" என்கிறான். மனம் ஒன்றாமல் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதுதானே நேர்மை? போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்து சொன்னால் கணக்கில் சேருமா? வியாழக்கிழமை ஒளியின் மறைபொருள்களைத்தான் சொல்ல வேண்டுமா? மாமியார் இன்னும் பழையபடி சந்தோஷ தேவ இரகசியங்களைத்தான் (மகிழ்ச்சியின் மறைபொருள்களுக்குப் பழைய பெயர்) சொல்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மாவின் பழைய செபப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்டோபர், செபமாலை மாதம். வருஷத்துக்கு ஒரு தடவை அதை வெளியே எடுப்பேன், நாலு பக்கம் உதிரும், பசை தடவி உள்ளே வைப்பேன். இந்தத் தடவை உதிர்ந்த பக்கத்தில் இருந்த ஒரு சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு கிடந்தேன். அதே விஷயத்தை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் பக்தி விஷயத்தில் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. இருபது வருஷம் மாலையைக் கையால் தொடாதவன் நான்.

தோழியின் வசனத்தை முதலில் முடித்துவிடலாம். 136-ஆம் சங்கீதத்தை (உங்களுக்குத் திருப்பாடல், அவருக்குச் சங்கீதம்) ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 26 வசனம், 26-லும் ஒரே பல்லவி. மணிக்கு ஒன்றாகச் சொல்கிற மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதி லூக்கா முதல் அதிகாரத்தில் 28-லும் 42-லும் இருக்கிறது. வானதூதர் சொன்னது கொஞ்சம், எலிசபெத் சொன்னது கொஞ்சம். இதற்கு மேல் வாதாடாதீர்கள். வசனத்தை வைத்து வசனத்தை மடக்கும் விளையாட்டில் ஜெயித்தவர் யாரும் அதற்கப்புறம் முழங்காலில் நின்றதாக நான் பார்த்ததில்லை.

போனில் போட்டால் கணக்கில் சேருமா என்கிறீர்கள். கணக்கு எழுதுவது யார்? அடுத்தது.

வியாழக்கிழமை. ஒளியின் மறைபொருள்களைப் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபரில் சேர்த்தார். அதை விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்றுதான் வைத்தார், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாமியாரை அவர் போக்கில் விடுங்கள். எனக்கு அதில் ஒரே ஒரு குறை உண்டு. எங்கள் ஊரில் நூற்றைம்பத்து மூன்று மணி செபம் என்று சொல்வார்கள். முழுசாகச் சொன்னால் பதினைந்து பத்து (ஒரு பத்துக்குப் பத்து மங்கள வார்த்தை), முன்னால் மூன்று. எழுத்து தெரியாத ஜனங்கள் 150 திருப்பாடல்களுக்குப் பதிலாக 150 மங்கள வார்த்தை சொன்னதில் வளர்ந்த கணக்கு அது. ஆனால் கடற்கரைக்காரனுக்கு 153 என்றால் வேறு ஞாபகம் வரும். யோவான் 21-ல் பேதுரு வலையைக் கரைக்கு இழுக்கிறார், எண்ணிப் பார்த்தால் 153 பெரிய மீன். தற்செயல்தான். இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை. இப்போது இன்னொரு ஐம்பதைச் சேர்த்து 203 ஆக்கிவிட்டார்கள், மீன் கணக்கு போச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'சொல்லாமல் இருப்பதுதானே நேர்மை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. கோபமே வந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது உங்கள் மனசு ஆபீஸுக்குப் போனதே இல்லையா? அன்றைக்கு நேர்மையாக இருப்போம் என்று தட்டைக் கீழே வைத்துவிட்டீர்களா? மனம் ஒன்றினால்தான் செய்வேன் என்பது நேர்மை இல்லை தங்கச்சி, தன் மனசைப் பற்றி நமக்கு இருக்கிற ரொம்பப் பெரிய அபிப்பிராயம் அது. ஏதோ அது வந்து உட்கார்ந்தால்தான் பூசையே தொடங்கும் என்பது மாதிரி.

நான் மாட்டிக்கொண்ட சொல்லைச் சொல்கிறேன். ஐம்பத்து மூன்று மணி செபம் தொடங்கும்போது பழைய புத்தகத்தில் ஒரு நீண்ட மன்றாட்டு வரும். "நீச மனிதருமாய் நன்றியறியாத பாவிகளுமாய்" என்று மூச்சு விடாமல் போகும். உங்கள் மாமியாரும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன், இன்றைக்குக் காது கொடுத்துக் கேளுங்கள். அதன் கடைசியில் கேட்கப்படுவது வியாதி தீருவதோ கடன் அடைவதோ இல்லை. இந்தச் செபத்தைப் பக்தியோடு செய்து "பராக்கில்லாமல் முடிக்க" ஒத்தாசை கேட்கிறார்கள்.

பராக்கு. ஊரில் தேர் பார்க்கிற பையனை 'என்னடா பராக்குப் பாக்கே' என்று மண்டையில் தட்டுவார்களே, அதே பராக்கு. இந்த மன்றாட்டை எழுதிய புண்ணியவானுக்கு முதல் மணியைத் தொடுமுன்பே தெரிந்திருக்கிறது, இந்த ஜனம் பராக்குப் பார்க்கும் என்று. உங்கள் ஆபீஸ் கவலை அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. பராக்கு இல்லாதவன் மட்டும் வா என்று அவர் எழுதவில்லை. பராக்குக்காரர்கள் கூடி உட்கார்ந்து, முதல் வேலையாக அதைச் சொல்லி உதவி கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறார்கள். அரசவையில் கட்டியக்காரன் 'ராஜா வருகிறார், பராக்' என்று கூவுவதும் காதுக்கு இதே சொல்தான். கவனி என்பதற்கும் அதுவே, கவனம் போச்சு என்பதற்கும் அதுவே. இரண்டு நாள் இதை வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பக்கத்துக்கும் பெரிய சாட்சி இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆறாம் பவுல் 1974-ல் மாதா பக்தியைப் பற்றி எழுதியபோது, தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்றார். பாப்பரசரோடு வாதாட எனக்கு என்ன துணிச்சல். ஆனால் எங்கள் ஊரில் ஆன்மா பிரிந்த உடலை நடுவீட்டில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்துதான் ராத்திரி முழுக்கச் செபமாலை சொல்வோம். அதைத் தூக்கி வீசிவிட்டா போகிறோம்? அந்தக் கூட்டத்தில் ஒருத்தி சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சா என்று யோசிப்பாள், ஒருத்தர் தூங்கி விழுவார், கடைசி வரிசையில் மீன் விலை ஓடும். ஆனாலும் 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்ற இடம் வந்தால் அத்தனை வாயும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் கவனம் தப்பும்போது பக்கத்திலிருப்பவர் தாங்கிக்கொள்வார். பாதியை ஒருவர் சொல்ல மீதியை மற்றவர்கள் சொல்கிற மாதிரி இதைக் கட்டியிருப்பதே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

வாய் முன்னால் போகும், மனசு பின்னால் வரும். நம் கரையில் இது தொடங்கியதே அப்படித்தான். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பரமண்டல மந்திரம், மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கினார். அதைத் தானும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு ஊர் ஊராகப் போய் ஜனத்தைக் கூட்டினார். 1544 ஜனவரியில் ரோமில் இருந்த தோழர்களுக்கு அவரே இதை எழுதியிருக்கிறார். மனப்பாடத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஜோசப் வாஸ் கதை தெரியுமா? கோவாக்காரர், குரு. 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தார்கள், குருவுக்கு இடம் கொடுத்தால் மரணம் என்றார்கள். அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம் அங்கே ஒரு குரு கிடையாது. பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. 1687-ல் இந்த மனிதர் பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். யார் கத்தோலிக்கர், யாரிடம் போய் வாய் திறப்பது? கழுத்தில் ஒரு செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். சோற்றைப் போடுகிற கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். எந்தக் கண் அந்த மாலையில் போய் நிற்கிறது என்று பார்த்தார். அப்படித்தான் தன் மந்தையைக் கண்டுபிடித்தார், அங்கே சில்லாலை என்ற ஊரில் தங்கி ராத்திரிகளில் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அந்த முப்பது வருஷமும் ஒரு தலைமுறையே மனம் ஒன்றி மட்டும்தான் சொல்லியிருக்கும் என்று நம்புகிறீர்களா? வாசலில் ஒரு காது, தெருவில் ஒரு காது வைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள். கடைசியில் அவர்களைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு பராக்குதானே, பிச்சைக்காரன் கழுத்தைப் பராக்குப் பார்த்தது.

எங்கள் அம்மாவைப் போல் செபமாலையில் பராக்குப் பார்த்த பொம்பிளையை நான் கண்டதில்லை. அப்பா கடலுக்குப் போன ராத்திரிகளில் மாலை கையில் இருக்கும், காது முழுக்க வெளியே இருக்கும். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, ஏலே அந்தப் பூனைய வெரட்டு, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று ஒரே மூச்சில் வரும். நடுவில் திடீரென்று நிறுத்தி, "கச்சான் எழும்புது" என்பார். நாங்களும் காற்றைக் கேட்போம். அப்புறம் விட்ட மணியிலிருந்து தொடர்வார், எண்ணிக்கை தப்பாது. அந்த மாலை அறுந்து அறுந்து வலை பின்னுகிற நூலால் கட்டியது. வாலிபத்தில் எனக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. உங்களைப் போலவே நேர்மை பேசினேன். வீட்டை விட்டு வந்ததும் விட்டுவிட்டேன்.

கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. என்னைத் தன் தம்பி என்று நினைத்தார், சில நாள் யாரோ கடன் கேட்டு வந்தவன் என்று நினைத்தார். ஒரு ராத்திரி தூங்காமல் சேலையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். வேறு வழி தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்று தொடங்கினேன். பதில் இல்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். யாரோ அந்நியன் என்னவோ பேசுகிறான் என்று பார்த்தார். அப்புறம்தான் புத்தி வந்தது. அது புதுத் தமிழ். அம்மாவின் வாயில் ஏறியது வேறு. "பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றேன். சேலையிலிருந்து கை நின்றது. நான் முன்பாதியை முடிக்கும் வரை காத்திருந்து, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று எடுத்தார். ஒரு சொல் பிசகவில்லை. ஐந்து பத்தும் சொன்னோம். நாலாவது பத்தில் நான் ஒரு மணியை விட்டுவிட்டேன், அதற்குத் திட்டினார். யார் நான் என்று தெரியாமலே திட்டினார்.

மாமியாரின் வேகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மகன் கேட்டதை மறந்தே போனேன். எதுக்கு ஐம்பத்து மூணு தடவை என்றானே, நல்ல கேள்வி. பதில் சொல்லிக் கெடுக்காதீர்கள். மாலையை அவன் கையில் கொடுத்து ஒரு பத்தை அவனையே நடத்தச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தைக் கொடுங்கள். முதல் பத்தில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், ஐந்தாவதில் முடிக்கிற அவசரம் வந்துவிடும். எண்ணிக்கை தப்பிப் பதினொன்று சொன்னால் பாட்டி திருத்துவார். நீங்கள் திருத்த வேண்டாம், உங்களுக்கு எப்படியும் தெரிந்திருக்காது.