சுகாதாரத்தில் சமத்துவம் வர உள்ளாட்சி அமைப்புகள் எப்படித் திட்டமிடுகின்றன?

உருப்படியாகத் திட்டமிடுகிற நகராட்சி முதலில் கையில் எடுப்பது வார்டு வாரியான கணக்கு. எந்தத் தெருவில் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன, எங்கே காசநோய் திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே அறுபதைத் தாண்டுவதே பெரிய விஷயம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே சராசரியை வைத்துக்கொண்டு, போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லை என்று முடித்துவிட்டால் இது எதுவுமே கண்ணில் படாது.

இங்கிலாந்தில் அரசு கேட்டுக்கொண்டதால் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் சுகாதார ஏற்றத்தாழ்வுகளைப் பற்றித் தயாரான 2010 அறிக்கையைப் பாருங்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் இருப்பவர்கள், மிக வசதியான பகுதிகளில் இருப்பவர்களைவிடச் சராசரியாக 7 ஆண்டு முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள், உடல் முடங்காமல் வாழும் காலத்தை எடுத்துக்கொண்டால் இடைவெளி 17 ஆண்டு என்றது அது. இத்தனைக்கும் அங்கே 1948லிருந்து எல்லாருக்கும் அரசு மருத்துவச் சேவை இருக்கிறது! அப்படியென்றால் ஆளைத் தின்பது ஓதம் பிடித்த வீடும், நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வேலையும், பாதியில் நின்ற படிப்பும்தான். இதையெல்லாம் சுகாதாரத் துறை தனியாகச் சரிசெய்ய முடியாது. அதே இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரம் 2013இல் இந்த அறிக்கையின் வழியில் நடப்பது என்று முடிவெடுத்தபோது போலீஸையும் தீயணைப்புத் துறையையும்கூடச் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை ஒன்று உண்டு. சேவை எல்லாருக்கும் உண்டு, ஆனால் யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கு அதன் அளவும் அதிகம். எல்லா வார்டுக்கும் ஒரே தொகை என்பது கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் அது இருக்கிற இடைவெளியை அப்படியே காப்பாற்றும், அவ்வளவுதான்.

சிகாகோவில் 1995 ஜூலை வெயிலில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள், திருட்டு பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காதவர்கள். அடுத்து 1999இல் கடும் வெயில் வந்தபோது நகர நிர்வாகம் குளிர்ந்த கூடங்களைத் திறந்தது, அங்கே போக இலவசப் பேருந்து விட்டது, தனியாக இருந்த முதியவர்களின் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் அனுப்பியது. சாவு 110 அளவில் நின்றது. அதுவும் அதிகம்தான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். கூடத்தைத் திறந்ததோடு நிறுத்தியிருந்தால் நடக்க முடிகிறவர்கள்தான் வந்திருப்பார்கள்.

சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கிளினிக் நேரம். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை மட்டும் திறந்திருந்தால், நாலு வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த இலவச மருந்தின் விலை ஒரு நாள் கூலி. அவர் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடுவார், சில வருஷம் கழித்துக் காலில் புண்ணோடு வருவார். இது தெரியவேண்டுமென்றால் திட்டக் கூட்டத்தில் அவர் இருக்கவேண்டும், அந்தக் கூட்டமும் அவர் வேலை முடிந்த பிறகு நடக்கவேண்டும்.

அப்புறம் பணம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35–40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது, ஆரம்ப சுகாதார நிலையங்களும் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. இப்படிக் கையில் காசும் அதிகாரமும் இல்லாத உள்ளாட்சி என்ன திட்டம் போட்டாலும் அது மேலே அனுப்பும் கோரிக்கை மனுதான்.

உங்கள் ஊரின் நிலைமை தெரியவேண்டுமென்றால் திட்ட அறிக்கையின் முன்னுரையை விட்டுவிட்டு நேராக பட்ஜெட்டுக்குப் போங்கள். செலவு வார்டு வாரியாகப் பிரிந்திருக்கிறதா, நோய் அதிகமுள்ள வார்டுக்கு அதிகம் போகிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கே இல்லையென்றால், அடுத்த வார்டு கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.