நெறி கட்டிய குதிரை: மற்றவற்றைக் காப்பது எப்படி?

கேள்வி: எட்டுக் குதிரைகள் வளர்க்கிறேன். புதிதாக வாங்கி வந்த ஒன்றுக்குப் பத்தே நாளில் காய்ச்சல், மூக்கில் மஞ்சள் சளி. தாடைக்கு அடியில் நெறி கட்டிச் சீழ் வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற குதிரையும் இன்று தீனி எடுக்கவில்லை. மற்றவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நீங்கள் சொல்வது ஸ்ட்ராங்கிள்ஸ் நோய் போலத் தெரிகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எக்வி என்ற பாக்டீரியா தொற்றினால் 3 முதல் 14 நாளுக்குள் அறிகுறி தெரியும். ஆனாலும் கால்நடை மருத்துவர் சளியையோ சீழையோ சோதனைக்கு அனுப்பி உறுதி செய்யட்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயிலும் மூக்கில் சளி வரும். அதனால் முடிவு வரும்வரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இன்றே லாயத்திலிருந்து எந்தக் குதிரையும் வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது. நோயுற்றவை, அவற்றோடு பழகியவை, பழகாதவை என மூன்றாகப் பிரியுங்கள். வாளி, தொட்டி, கடிவாளம், தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனித்தனி. இந்தக் கிருமி காற்றில் வெகுதூரம் போவதில்லை. கையிலும் தண்ணீர்த் தொட்டியிலும்தான் பயணம் செய்கிறது. ஆகவே நலமாக உள்ளவற்றை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றவற்றிடம் கடைசியாகப் போங்கள்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் வெப்பமானி. காய்ச்சல் கண்டு ஓரிரு நாள் கழித்துத்தான் மூக்கு வழியே கிருமி வெளியேறத் தொடங்கும். காலையும் மாலையும் எல்லாவற்றுக்கும் அளந்து எழுதி வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய குதிரையைச் சளிக்காகக் காத்திராமல் உடனே பிரித்துவிட்டால், அடுத்ததற்குத் தொற்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தீனி எடுக்காத அந்த இரண்டாவது குதிரையை இப்போதே அளந்து பாருங்கள்.

நீங்களாக ஆன்டிபயாட்டிக் ஊசி வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டி உருவான பிறகு போட்டால் பழுப்பதுதான் தள்ளிப்போகும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், ஊறவைத்த மெதுவான தீனி வையுங்கள். உடைந்து வரும் சீழைத் தரையில் விடாமல் துணியில் எடுத்து எரித்துவிடுங்கள். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ திணறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

அப்புறம், கட்டி ஆறியதும் நோய் போய்விட்டது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. தொண்டைக்குப் பின்னால் உள்ள காற்றுப்பைகளில் கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். குதிரையோ பார்க்க நலமாகவே இருக்கும். வாரம் ஒருமுறையாக மூன்று முறை மூக்கு-தொண்டைக் கழுவல் சோதனை செய்யலாம், அல்லது எண்டோஸ்கோப் விட்டு அந்தப் பைகளைப் பரிசோதிக்கலாம். கிருமி இல்லை என்ற முடிவு கைக்கு வரும்வரை அந்தக் குதிரை தன் தனித் தொட்டியிலேயே தண்ணீர் குடிக்கட்டும்.