கேப் டவுனுக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவுடனும், ஆயா என்று நான் அழைக்கும் பாட்டியுடனும் வசிக்கிறேன். வயது 28. கோயில் வகுப்பில் கற்ற தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ், காவடித் திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அட்டை ஆகியவைதான் என் அன்றாடம். இரவில் எனக்காக வரைகிறேன். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஆயா சொல்லும் கதைகளைப் படங்களாக்கி ஒரு சிறுவர் நூல் செய்து வருகிறேன்.

என்னுடன் படித்தவர்களில் பலர் கேப் டவுனுக்குப் போய்விட்டார்கள். கலைஞர்களுக்கான ஊர் அதுதான், டர்பனில் இருந்தால் கடைசிவரை கல்யாணக் கார்டுதான் போடுவாய் என்கிறார்கள். இப்போது அங்குள்ள ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ, பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு மாத ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மாதம் 24,000 ராண்ட். இங்கே நான் வாங்குவது 15,000. அங்கே அப்சர்வேட்டரி என்ற பகுதியில் ஓர் அறை வீட்டுக்கு 11,500 ராண்ட் வாடகை கேட்கிறார்கள். அம்மா "உன் விருப்பம்" என்கிறார். ஆயாவுக்கு 84 வயது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. போகலாமா?

பெயர் வேண்டாம்,
சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் தமிழில் நான் திருத்த வேண்டியிருந்தது மிகக் குறைவு. கோயில் வகுப்பில் உங்களுக்குக் கற்பித்தவரிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

உங்கள் கடிதத்தில் ஒரு வேலையும் ஓர் ஊரும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. அனிமேஷன் ஸ்டூடியோவில் ஆறு மாதம் பணி செய்யலாமா என்பது ஒரு கேள்வி. கேப் டவுன்வாசி ஆகலாமா என்பது வேறொரு கேள்வி. நண்பர்கள் உங்களிடம் பேசுவதெல்லாம் இரண்டாவதைப் பற்றி. என் பதில் முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இப்போதைக்கு வேண்டாம். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நானும் ஒருமுறை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு அந்த ஊருக்குப் போனவள்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 24,000 ராண்டில் வருமான வரியும் யூஐஎஃப் என்னும் வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தமும் போனால் ஏறக்குறைய 20,500 கைக்கு வரும். வாடகை 11,500 போக மிஞ்சுவது 9,000. அதற்குள் மின்சாரம், இணையம், சாப்பாடு, டாக்சிக் கட்டணம், ஆயாவைப் பார்க்க வந்துபோகும் விமானச் சீட்டு எல்லாம் அடங்க வேண்டும். குடிபுகும் முன்பே முன்பணம் என்று ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ கட்டச் சொல்வார்கள். இங்கே 15,000 சம்பளத்தில் 13,500 கைக்கு வந்து, வீட்டுச் செலவுக்கு அம்மாவிடம் ஒரு பங்கைக் கொடுத்தாலும், உங்களிடம் தங்குவது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். சம்பளம் உயர்ந்தும் கையிருப்பு குறைவது அந்த ஊரில் புதிதாகக் குடியேறிய பலரின் அனுபவம். நாட்டிலேயே வீட்டு விலை மிக அதிகமாக உள்ள நகரம் அது என்பதால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் இரவுகள். இன்று நீங்கள் ஒரு நூலை உருவாக்கிக்கொண்டிருப்பது, மாலையில் வீடு திரும்பும்போது சோறு ஆயத்தமாக இருப்பதாலும், வாடகைக் கவலை தலையில் இல்லாததாலும்தான். 2003-இல் நான் கேப் டவுனுக்குப் போனது ஒரு நாவல் எழுதுவதற்காக. மலையடிவாரத்தில் ஓர் அறை எடுத்தேன். பகலில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. வாடகை கட்டுப்படியாகாததால் மாலையில் பாடநூல் மொழிபெயர்ப்பு. சனிக்கிழமைகளில் ஒரு புத்தகக் கடை. எழுத்தாளர்கள் சூழ வாழ்ந்தேன், எல்லோரும் எழுதுவதைப் பற்றியே பேசினோம், மூன்று ஆண்டுகளில் நான் எழுதியது 40 பக்கம். 2006-இல் டர்பனுக்குத் திரும்பி, மவுண்ட் எட்ஜ்கோம்பில் ஓர் உறவினர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த நாவலை 14 மாதத்தில் முடித்தேன்.

இதைச் சொல்லி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் வீண் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. அந்தப் பதிப்பகத்தில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த ஓர் ஆசிரியை, என்னுடைய ஒரு பத்தியை எடுத்து, அதில் எந்த வரி மற்றவற்றின் வேலையைத் திருடிக்கொள்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக் காட்டினார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை, பிறகும் யாரும் சொல்லவில்லை. அந்த ஊர் எனக்குத் தந்த கொடை அந்த ஒருவர்தான். மலையும் கடலும் காப்பிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் அழகாக இருந்தன, ஆனால் அவற்றால் என் எழுத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அதனால்தான் ஸ்டூடியோ வேலைக்கு ஆம் என்கிறேன். ஓவியம் தனியாக உட்கார்ந்து பழகக்கூடிய கலை. அனிமேஷன் அப்படிப்பட்டதில்லை. கதைப்பலகை வரைபவர், பாத்திரத்தை வடிவமைப்பவர், பின்னணி தீட்டுபவர், அசைவைக் கொடுப்பவர் என்று பலர் கை மாறி வருவதால், ஒருவர் செய்ததை அடுத்தவர் மறுக்கும்போதுதான் அதைக் கற்க முடியும். தென்னாப்பிரிக்காவில் அத்தொழில் பெரிதும் வேர்விட்ட இடம் கேப் டவுன். ட்ரிகர்ஃபிஷ் அனிமேஷன் நிறுவனம் 1996-லிருந்து அங்கே இயங்குகிறது, கேப் டவுன் ஃபிலிம் ஸ்டூடியோஸ் 2010-இல் திறக்கப்பட்டது. டர்பனில் உங்களுக்கு இந்தப் பயிற்சி கிடைப்பது அரிது. ஆறு மாதம் அதற்குப் போதிய காலம், ஊரை மாற்றிக்கொள்வதற்குத்தான் அது போதாத காலம். எனவே அச்சகத்தில் வேலையை விடாமல், சம்பளமில்லா விடுப்புக் கேட்டுப் பாருங்கள். ஆறு ஆண்டு உழைத்தவரை இழக்க எந்த முதலாளியும் எளிதில் விரும்பமாட்டார்.

கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் பெறுங்கள். யாருக்குக் கீழே பணி செய்வீர்கள், அவர் உங்கள் வரைபடங்களைப் பார்த்துத் திருத்துவாரா, அல்லது நாள் முழுவதும் பிறர் வரைந்த கோடுகளைச் சுத்தம் செய்யும் வேலைதானா என்பது ஒன்று. பின்னது என்றால் போகாதீர்கள், எந்த ஊரும் அதற்கு ஈடாகாது. இன்னொன்று உங்கள் சொந்த நூல். 1978-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, பணியின் அங்கமாக ஊழியர் உருவாக்கும் படைப்பு முதலாளிக்கே சொந்தமாகும். ஆயாவின் கதைகள் இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்கப்பட்டவை, பணி நேரத்துக்கு வெளியே தொடர்பவை, அவற்றின் மீது நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான நிறுவனம் அதைத் தயங்காமல் சேர்க்கும். இதுவரை வரைந்த பக்கங்களைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஊரின் பெயருக்கு வருகிறேன். 2017-இல் யுனெஸ்கோ கேப் டவுனை வடிவமைப்பு நகரமாக அறிவித்தது. அதே ஆண்டில்தான் டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது, ஆப்பிரிக்காவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் நகரம் நம்முடையது. கல்யாணக் கார்டு ஊர் என்று சொன்ன உங்கள் நண்பர்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பிறகு டர்பனை விட்டுப் போகும் குடும்பங்கள் அதிகமாகி, நாட்டுக்குள்ளேயே வேறு ஊருக்குக் குடிபெயர்வதைக் குறிக்கும் "செமிகிரேஷன்" என்ற சொல் நம் வீட்டுப் பேச்சில் சாதாரணமாகிவிட்டது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2018-இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று அளந்து வாழ்ந்த ஊரும் கேப் டவுன்தான். தொல்லை இல்லாத ஊரைத் தேடி அங்கே போவதில் பொருளில்லை.

சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒருவர் அங்கே எங்கே குடியிருப்பது என்று தீர்மானிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு, இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட இந்தியர்களுக்காக 1960-களில் எழுந்தது உங்கள் சாட்ஸ்வொர்த். அதே சட்டத்தின்கீழ் 1966 பிப்ரவரி 11 அன்று கேப் டவுனின் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டார்கள். பக்கத்திலேயே இருந்த வுட்ஸ்டாக் அந்த இடிப்பிலிருந்து தப்பியது. பல இனத்து உழைப்பாளிகள் கலந்து வாழ்ந்த சிறு வீடுகளைக் கொண்ட அந்தப் பகுதியில், 2006-இல் பழைய பிஸ்கட் ஆலையில் சனிக்கிழமைச் சந்தை தொடங்கிய காலம் முதலாக ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் உணவகங்களும் வரத் தொடங்க, வாடகை ஏறியது. அரசின் ஆணை அன்று செய்ததை இன்று வாடகைச் சீட்டு செய்கிறது. புரோம்வெல் தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் தம் வீடுகள் கைமாறியதால் வெளியேற்றத்தை எதிர்கொண்டு, பல ஆண்டுகள் வழக்காடி, அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். நகரின் அவசரக் குடியிருப்புத் திட்டம் செயல்படுத்தப்பட்ட முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்களைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. 24,000 ராண்ட் சம்பளக்காரர் ஒருவர் அந்தத் தெருக்களின் விலையை ஏற்றிவிட்டார் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனாலும் இளங்கலைஞர்கள் வந்து ஒரு பகுதியை அழகாக்க, அந்த அழகுக்கு விலை கொடுக்கக்கூடியவர்கள் பின்னால் வர, முதலில் அங்கே பிறந்தவர்களும் அடுத்து அந்த இளங்கலைஞர்களுமே வெளியே தள்ளப்படுகிறார்கள். அப்சர்வேட்டரி வுட்ஸ்டாக்குக்கு அருகிலுள்ள பகுதி. இன்று 11,500 கேட்கும் அறை அடுத்த ஆண்டு என்ன கேட்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே ரைலண்ட்ஸைப் பாருங்கள். அதே சட்டம் கேப் டவுன் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. சிவாலயம் அங்கே இருக்கிறது, மளிகைக் கடைகள் இருக்கின்றன, கிளிப்ஃபான்டைன் சாலையில் டாக்சி கிடைக்கும். நண்பர்கள் வாழும் தெருக்களைப் போல அது பேர்பெற்ற இடமில்லை. ஆனால் ஒரு குடும்ப வீட்டில் அறை எடுத்தால் வாடகை பெரிதும் குறையும், குறைகிற ஒவ்வோர் ஆயிரமும் உங்கள் இரவுகளில் ஒன்றிரண்டைத் திருப்பித் தரும். தென்கிழக்குக் காற்று வீசும் நாட்களில் ஜன்னலோரம் காகிதத்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள், நான் ஒரு முழு அத்தியாயத்தை அப்படித் தொலைத்தேன்.

கடைசியாக ஆயா. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். உங்கள் நூலின் ஊற்று அவர், அந்த ஊற்று 1,600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கப்போகிறது. இதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். கேட்டோ மேனரில் 1934-இல் பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவிந்தர், கேப் டவுனின் பாக்ஸ்டர் அரங்கிலும் பணியாற்றினார், டர்பனின் பிளேஹவுஸிலும் பணியாற்றினார். எங்கே இருந்தபோதும் தம் எழுத்தில் கேட்டோ மேனர் மக்களை விட்டு விலகவில்லை. ஆனால் அவர் தாம் வாழ்ந்து பார்த்த தெருவை எழுதினார், நீங்கள் இன்னொருவர் வாழ்ந்த குடியிருப்பை வரைகிறீர்கள். உங்களுக்குத் தேவையான பலவும் ஆயாவின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கதவு எந்தப் பக்கம் திறந்தது, அடுப்பு வீட்டுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் நாளில் யார் விறகு பிளந்தார்கள் என்பதையெல்லாம் போகும் முன் கேட்டு, குரலைப் பதிவு செய்யுங்கள். தினமும் அரை மணி நேரம் போதும்.

அவர் பேசும் தமிழையும் அப்படியே பதிவு செய்யுங்கள், நம் வகுப்புத் தமிழுக்குத் திருத்திவிடாதீர்கள். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் தொழிலாளர்களை இறக்கிய நாள் முதல் இந்த மண்ணில் புழங்கிய பேச்சு அது. மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழை நம் அரசியலமைப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசும் வீடுகள் நம் கண் முன்னே குறைந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம், கேட்டால் போய்வா என்றுதான் சொல்வார். கதை கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, தம் மனத்தில் இருப்பதை அவரே சொல்லக்கூடும்.

புனித வெள்ளியை ஒட்டி சில நாட்கள் விடுப்பு வேண்டும் என்பதை ஸ்டூடியோவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு ஆயாவை நீங்களே அழைத்துப்போகலாம், பாதி வரைந்த பக்கங்களையும் அவரிடம் காட்டலாம். ரைலண்ட்ஸில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று முன்பு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் விடுகிறார்களா என்று இந்த வாரம் கேட்கிறேன். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.